ஓட்டிசம் பற்றி மேடை நாடகம் எழுதுகிறோம், யாரிடம் கேட்க வேண்டும்?

மேடைக்காரன் (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். பகலில் வேலை, இரவில் ஒத்திகை என்று ஓடுகிற கொழும்பு நாடகக் குழு ஒன்றில் இருக்கிறேன். வருகிற ஏப்ரலில் நாற்பது நிமிட நாடகம் ஒன்று போட யோசனை. ஏப்ரல் 2ஐ உலக ஓட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007இல் அறிவித்தது. அந்த வாரத்திலேயே மேடையேற்றலாம் என்று குழுவில் பேச்சு.

கதை இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீடு. அம்மா, பத்து வயது மகன். அப்பா கட்டாரில். மகன் கதைப்பதில்லை, ஆனால் கணக்கில் புலி. பக்கத்து வீட்டார் அம்மாவை ஏசுகிறார்கள். கடைசிக் காட்சியில் மகன் முதன்முதலாக "அம்மா" என்று கூப்பிடுகிறான். திரை விழுகிறது.

குழுவில் இரண்டு கருத்து. சபை கண் கலங்கும், அது போதும் என்கிறது ஒரு பக்கம். இது ஏற்கெனவே பார்த்த கதை, வாழ்கிற ஆட்களிடம் கேட்காமல் மேடையேற்றக் கூடாது என்கிறது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன். பட்டதைப் பட்டபடி சொல்லுங்கள்.

---

மரைன் டிரைவ் அம்மா (சனி, இரவு 10.25)

கேட்டதற்கு முதலில் நன்றி தம்பி. கேட்காமலே போடுகிறவர்கள்தான் அதிகம்.

என் மகனுக்குப் பதினொரு வயது. வாயால் கதைப்பது மிகக் குறைவு. உங்கள் கடைசிக் காட்சியைச் சபையில் இருந்து பார்த்தால் எனக்கு என்ன விளங்கும் தெரியுமா? அவன் வாய் திறந்து "அம்மா" என்றால்தான் கதை முடியும். சொல்லாவிட்டால் நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கும் தாய். அப்படி ஒன்றுக்காகவும் நான் காத்திருக்கவில்லை. அவன் என்னை அறிவான், நான் அவனை அறிவேன்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே ரயில் பாதை. ஸ்டேஷனில் போடுகிற அறிவிப்பைச் சிங்களத்தில் அப்படியே, அந்தக் குரலின் இழுவையோடு சொல்வான். வருகிறவர்கள் "என்ன இவன் சம்பந்தம் இல்லாமல் கதைக்கிறான்" என்பார்கள். அதற்கு அர்த்தம் "வெளியில் போவோம்". குளிக்க விருப்பம் இல்லாவிட்டால் ஒரு சவர்க்கார விளம்பரத்தின் கடைசி வரி வரும். ரயில் அறிவிப்பைக் கேட்டு நான் செருப்பைத் தேடத் தொடங்கினால் இரண்டு கையையும் உதறிக்கொண்டு துள்ளுவான். அந்த உதறலை நிறுத்தப் பழக்கச் சொல்லி ஒரு வகுப்பில் கேட்டார்கள். அந்த வகுப்பை விட்டு வந்துவிட்டோம். சந்தோசப்படாதே என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

உங்கள் நாடகத்துப் பையன் கதைக்காதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது நிமிடமும் அவன் எப்படித் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறான்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

பேச்சு மிஸ் (சனி, இரவு 11.10)

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். தமிழில் வேலை செய்கிறேன். அக்கா சொன்ன ரயில் அறிவிப்பு வெறும் கிளிப்பேச்சு என்றுதான் முன்னர் பாடநூல்களிலும் இருந்தது. 1981இல் பாரி பிரிசான்ட், ஜூடித் டூசன் இருவரும் பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கேட்பதற்கு, ஆம் என்பதற்கு, முறை எடுத்துக் கதைப்பதற்கு, தன் செயலைத் தானே வழிநடத்துவதற்கு என்று அதற்குப் பல பயன்கள் இருப்பதாகக் காட்டினார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் "திருப்பிச் சொல்வதை நிற்பாட்டுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கொழும்பில் நான் தினமும் காணும் வேறொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பேச்சு தாமதம் என்றதும் "வீட்டில் ஒரே மொழி கதையுங்கள், இங்கிலிஷில் மட்டும் கதையுங்கள்" என்று ஆலோசனை கிடைக்கிறது. அம்மா தட்டுத் தடுமாறி இங்கிலிஷில் கதைக்கிறார். அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, ஆகவே அவர் பிள்ளையோடு கதைப்பதையே விட்டுவிடுகிறார். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர் அவர்தான்! கனடாவில் ஹாம்ப்லி, ஃபொம்பொன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழி கேட்டு வளர்ந்த ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அதனால் மேலதிகத் தாமதம் ஏற்படவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. தமிழ் வீட்டில் தமிழைக் கதையுங்கள். வெளியில் சிங்களம் காதில் விழட்டும், பரவாயில்லை.

கதைக்காத பிள்ளைக்குப் படங்களோ டெப்பில் ஒரு செயலியோ கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயமும் அப்படித்தான். 2006இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் இருக்கிறது. நம் வீட்டுச் சொற்களை நாமே அதில் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பட அட்டைகளில் பனிமனிதனும் ஸ்ட்ரோபெரியும் இருக்கும். நான் பெற்றோரிடம் சொல்வது, உங்கள் போனிலேயே படம் எடுங்கள். இடியப்பத் தட்டு, வாசலில் நிற்கும் ஓட்டோ, அம்மம்மாவின் கதிரை, குளியலறை வாளி. பிள்ளை அதைத்தான் தினமும் பார்க்கிறது, கேட்கப்போவதும் அதைத்தான்.

---

தனிவழி (ஞாயிறு, காலை 6.15)

நான் ஓட்டிசம் உள்ள பெண். முப்பது வயதுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. அப்படியென்றால் "கணக்குப் புலி" சரிதானே என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். பாடசாலையில் எனக்கு உயிர் தாவரவியல். கணக்கில் நடுத்தரம்.

அந்தக் கணக்குப் புலிப் பையன் உங்கள் கதைக்குள் எங்கிருந்து வந்தான் என்று யோசித்துப் பாருங்கள். 1988இல் வந்த 'ரெயின் மேன்' படம் உலகம் முழுக்க ஓடியது. ஓட்டிசம் என்ற பெயரையே பலர் அன்றுதான் கேட்டார்கள். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு இருந்தது ஓட்டிசமே இல்லை என்று மருத்துவர்கள் பின்னாளில் கருதினார்கள். அப்படி அபூர்வ ஆற்றல் உள்ளவர்கள் ஓட்டிசம் உள்ளவர்களிலும் சிறு பகுதிதான். ஆனாலும் இன்றைக்கும் பெற்றோரைக் கண்டால் முதல் கேள்வி "பிள்ளைக்கு என்ன விசேஷத் திறமை?" திறமை ஒன்றும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைச் சகிக்க ஒரு காரணம் போதவில்லை என்கிற மாதிரி. என்னை இந்தக் கேள்வி மிகவும் நோகடிக்கிறது.

இரண்டாவது, உங்கள் கதையில் ஒரு சிறுவன்தான். மேடையில், படத்தில், பத்திரிகையில் எங்கும் சிறுவன்தான். பெண்பிள்ளைகளும் இருக்கிறோம். பெரியவர்களும் ஆகிறோம். பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பழகி மறைத்துக்கொள்வதால் பலரைத் தவறவிட்டுவிடுகிறார்கள். மறைப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். நாதஸ்வரம், தவில், கண்ணுக்குள் அடிக்கிற வீடியோ லைட், மல்லிகையும் சாம்பிராணியும் பிரியாணியும் கலந்த மணம். அதற்குள் நாலு மாமிமார் ஒரே நேரத்தில் "உனக்கு எப்போ?" என்கிறார்கள். நான் சிரிப்பேன். எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்துப் படித்து வைத்திருக்கிறேன். "நல்ல அமைதியான பிள்ளை" என்று பெயரும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, வெறும் நிலத்தில் படுத்துவிடுவேன். அடுத்த நாள் பேச்சு வராது. ஒரு சொல்லும் வராது. கலியாணத்தில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் அந்த அடுத்த நாளைப் பார்த்ததில்லை. மேடையில் காட்ட வேண்டியது அந்த அடுத்த நாளைத்தான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் விளங்காது என்று எழுதி எழுதியே பழகிவிட்டார்கள். டேமியன் மில்டன் தானும் ஓட்டிசம் உள்ள ஒரு பிரித்தானிய ஆய்வாளர். 2012இல் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. விளங்காமை இரண்டு பக்கமும்தானே இருக்கிறது? எங்களை விளங்கிக்கொள்ளாத மற்றவர்களுக்கு ஏன் குறைபாடு என்று பெயர் வைக்கவில்லை? அக்காவின் மகன் ரயில் அறிவிப்புச் சொல்லும்போது விளங்காமல் நின்றது யார்?

---

கொட்டாஞ்சேனைப் பெரியப்பா (ஞாயிறு, காலை 8.50)

பிள்ளைகள், நான் எழுபதைத் தாண்டியவன். தவறாக எடுக்க வேண்டாம். எங்கள் காலத்தில் இந்த ஓட்டிசம் என்ற பேச்சே இல்லை. இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறது. பால் குடிக்கிற பிள்ளை கையில் போன். தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலைக்கு. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் விளக்கமாகச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

---

வார்டு டொக்டர் (ஞாயிறு, மதியம் 1.30)

ஐயா, கேட்டது நல்லது. இதே கேள்வியை வைத்துக்கொண்டு தாய்மாரை ஏசுகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் காலத்திலும் இருந்தார்கள். உங்கள் பாடசாலையில் யாரோடும் சேராமல் பஸ் நம்பர்களை எழுதிக்கொண்டு திரிந்த ஒரு பொடியன், ஊரில் "ஊமை" என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு பிள்ளை, யாராவது ஞாபகம் வருகிறதா? மொஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1925இலேயே ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அமெரிக்காவில் லியோ கனர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வரையறை மிக ஒடுக்கம். 1979இல் லண்டனில் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் ஒரு பகுதியில் உள்ள பிள்ளைகளைப் பார்த்து, இது பல அளவுகளில் பரந்து கிடக்கிறது என்று காட்டினார்கள். அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 2013இல் எல்லாப் பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. அதுவரை ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு மிகைத்துடிப்பு நிலையும் ஓட்டிசமும் ஒரே ஆளுக்கு உண்டு என்று எழுதவே விதி இடம் கொடுக்கவில்லை. வரையறை விரிந்தது, பார்க்கத் தெரிந்தவர்கள் கூடினார்கள், எண்ணிக்கை ஏறியது. ஏற்றத்தின் பெரும்பகுதி இதுதான்.

இலங்கையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் 374 குழந்தைகளைப் பார்த்தார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. சிறிய ஆய்வு, அதை நாடு முழுவதற்கும் பொருத்த முடியாது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வெளிநாட்டிலிருந்து எடுத்த கேள்விக்கொத்து இங்கே பல பிள்ளைகளைத் தவறவிட்டது. அதனால் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் படங்களைக் காட்டிப் பெற்றோரிடம் கேட்கும் முறை ஒன்றை இலங்கைக்கென்றே உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள்.

போன் பற்றி. சிறு பிள்ளைக்கு மணிக்கணக்கில் திரை காட்டினால் கதைப்பதும் விளையாடுவதும் குறையும், அது கெடுதல்தான், குறைக்க வேண்டும். ஓட்டிசம் அதனால் வருவதில்லை. மரபணுப் பங்கு மிகப் பெரியது, பிறக்கும் முன்பே மூளை வளரும் விதத்தில் தொடங்குகிறது. தாய் அன்பு காட்டாததால் வருகிறது என்ற கருத்தைப் பெரிய பெரிய மருத்துவர்களே ஒரு காலத்தில் பரப்பினார்கள். புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்து எழுதியிருந்தார். தாய்மார் எத்தனை பேர் அந்தப் பழியோடு செத்துப்போயிருப்பார்கள். நாடகத்தில் பக்கத்து வீட்டார் அம்மாவை ஏசும் காட்சியை விட்டுவிடாதீர்கள், அது உண்மை. ஆனால் யாராவது ஒருவர் எதிர்த்துக் கதைக்க வேண்டும்.

---

தெமட்டகொட வாப்பா (ஞாயிறு, மாலை 4.05)

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளுக்கு நாலு வயது. போன வருடம் ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியில் காட்டி ஓட்டிசம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் ஒன்று வருகிறது. சின்னமுத்துக்கும் வேறு நோய்களுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் வந்தது என்று ஒன்று. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பனடோல் (பரசிட்டமோல்) போட்டதால் என்று இன்னொன்று. என் மனைவிக்கு அப்போது காய்ச்சல் வந்து பனடோல் போட்டதுதான். அதை நினைத்து நினைத்து அழுகிறாள். இப்போது ஒருவர், உடம்பில் சேர்ந்த ஈயம் பாதரசத்தை இறக்கினால் ஆறு மாதத்தில் மாறும் என்று ஒரு இடத்தைச் சொல்கிறார். பணம் இலட்சக்கணக்கில். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் கதை நடக்கிறது. டொக்டர், தயவுசெய்து மறுமொழி தாருங்கள்.

---

வார்டு டொக்டர் (ஞாயிறு, மாலை 5.20)

நானா, நகையை அடகு வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு, இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உலோகம் இறக்கும் மருந்து ஈய நஞ்சேறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது. ஓட்டிசத்துக்கு அதனால் பயன் இல்லை. 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இதற்காக அந்த மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோதே இறந்தது. குளோரின் டைஒக்சைட் என்று ஒரு திரவமும் விற்கிறார்கள், அது வெளுக்கும் இரசாயனம். அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைக் குடிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. ஆறு மாதத்தில் மாற்றுகிறேன் என்று சொல்லும் எவரையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

ஊசி. 1998இல் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கதை அது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் பிரித்தானிய மருத்துவப் பதிவிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். டென்மார்க்கில் 2019இல் வெளியான ஆய்வில் 657,461 பிள்ளைகள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஓட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. இங்கே எம்.எம்.ஆர். ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுகிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது எல்லாம் வெளியில் தெரியத் தொடங்குவதும் இந்த வயதுகளுக்கிடையில்தான். அதனால் ஒன்றுக்கொன்று காரணம்போலத் தோன்றுகிறது. இன்னொன்றைக் கேளுங்கள். கர்ப்பிணிக்கு ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து, வந்தால் பிள்ளைக்கு ஓட்டிசம் வரும் வாய்ப்புக் கூடும் என்று 1971இலேயே ஸ்டெல்லா செஸ் காட்டியிருக்கிறார். எம்.எம்.ஆர். தடுப்பது அந்த ருபெல்லாவையும்தான்.

பனடோல். 2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி மேடையில் சொன்னதிலிருந்து இந்தச் செய்தி சுற்றுகிறது. அதற்கு முதல் வருடமே சுவீடனில் ஏறக்குறைய 24 இலட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளில், மருந்து எடுத்த கர்ப்பத்தில் பிறந்தவரையும் எடுக்காத கர்ப்பத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு காணாமல் போய்விட்டது. கர்ப்பத்தில் கடும் காய்ச்சலை அப்படியே விடுவதுதான் ஆபத்து. உங்கள் மனைவி செய்தது சரியான காரியம். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. கிளினிக் கொப்பியையும் ரிட்ஜ்வே அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். சிறுவர் மனநலக் கிளினிக்கை விடாதீர்கள். பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை இரண்டுக்கும் கடிதம் கேளுங்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த ஆயதி நிலையம் இருக்கிறது, அதற்கும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தமிழில் சிகிச்சை தருபவர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் தமிழில் வேண்டும் என்று நீங்கள் வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

---

தெமட்டகொட வாப்பா (ஞாயிறு, மாலை 6.00)

வாசித்துக் காட்டினேன் டொக்டர். அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும். அந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

---

நெறியாளர் (ஞாயிறு, மாலை 6.30)

"ஓட்டிசம் முழுமையாகக் குணமாகும்" என்று போன் இலக்கத்தோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இனிமேலும் நீக்குவேன். தொடருங்கள்.

---

தனிவழி (ஞாயிறு, இரவு 8.10)

நம்பக்கூடிய தகவல் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2023இல் டிக்டொக் காணொளிகளை ஆராய்ந்தார்கள். ஓட்டிசம் பற்றித் தகவல் சொன்னவற்றில் 27 வீதம்தான் சரி. 41 வீதம் பிழை. மிச்சம், ஒருவருக்குப் பொருந்துவதை எல்லோருக்கும் பொருத்திச் சொன்னவை. தமிழில் தேடினால் நிலைமை நல்லதாகவா இருக்கப்போகிறது? சென்னைக் காணொளி, லண்டன் காணொளி, எல்லாம் கலந்து வருகிறது. கொழும்பில் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று ஒருவரும் தமிழில் எழுதி வைக்கவில்லை.

ஆனால் விவரம் சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. சதவீதம் எல்லாம் சரியாகப் போட்டு, தலைப்பில் "குடும்பங்களைச் சிதைக்கும் ஓட்டிசம்" என்று எழுதும் பத்திரிகை இருக்கிறது. அதை வாசிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? எங்களைப் பற்றி எழுதும்போது நாங்களும் வாசிப்போம் என்ற எண்ணமே எழுதுபவருக்கு வருவதில்லை. 1993இல் டொரொண்டோவில் ஒரு மாநாடு. பெற்றோர் நிறைந்த சபை. ஓட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் அங்கே பேசி, பிறகு எழுத்திலும் வெளியிட்டதன் சாரம் இது: நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று அழுகிறீர்கள், அந்தத் துக்கம் உங்களுடையது, அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வந்த பிள்ளை முன்னால் நிற்கிறது, அதைப் பாருங்கள். எனக்குப் பத்து வயதில் என் வீட்டில் யாராவது அதை வாசித்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

நடிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021இல் பாடகி சியா எடுத்த படத்தில் ஓட்டிசம் உள்ள பெண்ணாக ஓட்டிசம் இல்லாத ஒருவர் நடித்தார். அதைவிட மோசம், பதற்றத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை மேலே படுத்து அமுக்கிப் பிடிப்பதை அன்பான செயலாகக் காட்டினார்கள். அப்படி அமுக்கி உயிர்கள் போயிருக்கின்றன. எதிர்ப்பு வந்தபிறகு சியா மன்னிப்புக் கேட்டார். மறுபக்கம் செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2017இல் ஜூலியா என்ற பாவை வந்தது. நாலு வயதுப் பெண்பிள்ளை, ஓட்டிசம் உள்ளவள். அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பைக் கேட்டுச் செய்தார்கள். ஜூலியா கையை உதறுவாள், உடனே பதில் சொல்ல மாட்டாள், மற்றப் பிள்ளைகள் அதற்கேற்ப விளையாட்டை மாற்றிக்கொள்வார்கள். யாரும் அவளை மாற்றவில்லை. அதே நிகழ்ச்சி பின்னர் ஓட்டிசத்தைப் பேரிடர்போலச் சொல்லும் ஒரு கையேட்டைப் பெற்றோருக்குப் பரப்பியது. 2019இல் அந்த அமைப்பு விலகிக்கொண்டது. ஒருதரம் கேட்டுவிட்டுப் பிறகு விட்டுவிட முடியாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

---

மேடைக்காரன் (திங்கள், இரவு 10.00)

எல்லாவற்றையும் அச்செடுத்துக் குழுவில் வாசித்தோம். கொஞ்சம் சத்தமாகவே விவாதம் நடந்தது. முடிவுகள் இவை.

கணக்குப் புலி போய்விட்டது. மையப் பாத்திரம் இப்போது பதினேழு வயதுப் பெண், தம்பி துணைப் பாத்திரம். "அம்மா" என்று கூப்பிடும் கடைசிக் காட்சி இல்லை. பக்கத்து வீட்டுக் காட்சியில் எதிர்த்துக் கதைப்பது அந்தப் பெண்ணின் பெரியப்பா. ஐயா, உங்கள் பெயரைத்தான் கடன் வாங்கியிருக்கிறேன்.

பாடசாலை அனுமதிக் காட்சி ஒன்று சேர்க்க விருப்பம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் அதிபர் அறையில் என்ன சொல்கிறார்கள்?

அடுத்தது, அக்கா, ரயில் அறிவிப்பைத் தம்பி பாத்திரத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

---

மரைன் டிரைவ் அம்மா (செவ்வாய், மதியம் 12.40)

அதிபர் அறையில் யாரும் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வதில்லை. "எங்களிடம் அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறோம்" என்பார்கள். தேநீர் எல்லாம் தருவார்கள். பிள்ளை நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவனுக்குக் கேட்காது என்பதுபோல அவன் தலைக்கு மேலாலேயே கதைப்பார்கள். அவனுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் விளங்கும். அன்றிரவு அவன் தூங்கவே இல்லை. அதை அப்படியே எழுதுங்கள்.

ரயில் அறிவிப்புக்கு நான் ஆம் சொல்ல முடியாது, அது அவனுடையது. படம் காட்டிக் கேட்டேன். மேடைப் படம், அவன் படம், ரயில் படம். மேடைப் படத்தைத் தள்ளிவிட்டான். மறுநாளும் தள்ளினான். ஆகவே வேண்டாம் தம்பி. உங்கள் பாத்திரத்துக்கு வேறு ஒன்றைத் தேடுவோம். அந்தப் பிள்ளை எதைத் தினமும் கேட்கிறது, அதில் எந்தத் துண்டு மனதில் ஒட்டும் என்று யோசித்தால் வரும். ஒத்திகைக்கு வந்து உதவி செய்கிறேன்.

---

கொட்டாஞ்சேனைப் பெரியப்பா (செவ்வாய், மாலை 5.15)

பெயரைத் தாராளமாக எடுங்கள். டொக்டர் சொன்ன பஸ் நம்பர் பொடியன் எங்கள் வகுப்பிலும் இருந்தான். கெட்டிக்காரன், நல்லவன். அடி வாங்கியே படித்தான். இன்றைக்கு அவனை நினைத்துக்கொண்டேன்.

---

தனிவழி (செவ்வாய், இரவு 9.30)

பதினேழு வயதுப் பெண் என்றதும் எனக்கு உண்மையிலேயே சந்தோசம்.

நடிக்க ஓட்டிசம் உள்ள ஒருவர் கிடைத்தால் அவரைத்தான் எடுங்கள். கொழும்பில் தமிழ் பேசும் ஓட்டிசம் உள்ள பெண்கள் மேடைக்கு வரத் தயாராக இருப்பார்களா என்று கேட்பீர்கள். அறிவித்தல் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் நடிப்பவர் ஒத்திகை தொடங்கும் முதலே எங்களில் சிலரோடு இருந்து பழக வேண்டும், கையசைவை மட்டும் பிரதிபண்ணிவிட்டுப் போகக் கூடாது. ஆலோசனை சொல்ல வருபவருக்கு ஒரு தொகை கொடுங்கள். லைட் போடுகிறவருக்குக் கொடுக்கிறீர்கள்தானே?

ஒரு காட்சியையாவது ஓட்டிசம் உள்ளவர்களும் வந்து இருந்து பார்க்கும்படி போடுங்கள். சபை விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம். திடீர்ச் சத்தம் எந்த நிமிடத்தில் வரும் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். பட்டாசுச் சத்தம் வேண்டவே வேண்டாம். எழும்பி நடந்தாலும் குரல் எழுப்பினாலும் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாத ஓர் அறை, மின்விசிறி மட்டும் போதும்.

---

தெமட்டகொட வாப்பா (செவ்வாய், இரவு 9.50)

அப்படி ஒரு காட்சி என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக வருவோம். மைக் சத்தம் மட்டும் குறைவாக இருக்க வேண்டும்.

---

மேடைக்காரன் (செவ்வாய், இரவு 10.35)

மைக்கே இல்லாமல் போடலாம் நானா, மண்டபம் சின்னதுதான். தங்கச்சி சொன்ன எல்லாவற்றுக்கும் குழு சம்மதம். தொகை சிறிது, ஆனால் கட்டாயம் உண்டு. முதல் வாசிப்பு அடுத்த புதன் இரவு ஏழு மணிக்கு. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பாடசாலைக் காட்சியின் வரைவை நாளைக்கு இங்கேயே போடுகிறேன். அதிபர் பேசும் வசனத்தை அக்கா ஒருதரம் பார்த்துத் திருத்த வேண்டும்.